கட்டுநாயக்காவில் ஒரு நாள் முன்னதாக

இரத்தினசிங்கம் மாமா வாழ்நாளில் ஒரே ஒருமுறை கனடாவுக்குப் போய் வந்தவர். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் விமானங்களைப் பற்றி வேறு யாரும் வாய் திறக்க முடியாமற் போய்விட்டது. டுபாய் வழியாகப் போவதா, டோஹா வழியாகப் போவதா என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் சிவமணி மாமி கையமர்த்துவார். "இவரைக் கேளுங்கோ. இவர் போய் வந்தவர்தானே." மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

அவர் கண்டுபிடித்து வந்த உண்மை ஒன்றே ஒன்றுதான்: கனடா ஒரே நாள் பிரயாணம். கொழும்பில் காலை பத்து மணிக்கு ஏறினார். ரொறன்ரோவில் இறங்கியபோது அங்கே இரவு ஒன்பதரை, அதே திகதி. பத்தை ஒன்பதரையிலிருந்து கழித்துப் பதினொன்றரை மணித்தியாலம் என்று விடை எடுத்தார். வழியில் நான்கு தடவை சாப்பிட்டதும், இரண்டு தடவை நித்திரை கொண்டு எழும்பியதும், டுபாயில் கதிரையில் இருந்து கால் வீங்கியதும் அவர் கணக்கில் சேரவில்லை.

கணக்கு ஏன் பிழைத்தது என்பது விளங்கிக்கொள்ள அழகான விஷயம். மேற்கே பறப்பவன் சூரியன் போகும் திசையிலேயே போகிறான். சூரியன் அவனை முந்திவிடும், ஆனால் மெல்ல மெல்லத்தான் முந்தும். அதனால் அவனுடைய பகல் இழுபட்டு நீளும். ரொறன்ரோக் கடிகாரம் கோடை காலத்தில் கொழும்புக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கிறது. மாமா இருபத்தொரு மணித்தியாலம் பயணம் செய்தார், அதில் ஒன்பதரையைக் கடிகாரம் மறைத்துவிட்டது. திரும்பி வரும்போது அதே ஒன்பதரையைக் கடிகாரம் மேலதிகமாகக் கேட்கும். கிழக்கே வருகிறவன் சூரியனுக்கு எதிரே ஓடி வருகிறான், இரவும் பகலும் அவனை விரைவாகக் கடந்துபோகும். மேலே வீசும் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் வானத்தில் இருக்கும் நேரம் சற்றுக் குறையும். ஆனாலும் நாட்காட்டியில் இரண்டு தாள் கிழிபடும்.

அவரும் திரும்பி வந்தவர்தானே, அப்போது விளங்கவில்லையா என்று கேட்கலாம். விளங்கவில்லை. புதன் இரவு ஏறிய மாமா கட்டுநாயக்காவில் இறங்கியபோது அது வெள்ளிக்கிழமை. வியாழன் என்று நினைத்துக்கொண்டு விமான நிலையத்தில் இரண்டு மாலு பணிஸ் சாப்பிட்டுவிட்டு, மீன் மணக்கிற வாயோடு வீட்டுக்கு வந்தார். மாமி வெள்ளிக்கிழமை விரதத்தோடு விபூதித் தட்டை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றார். மாமா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். "ஆரோ ஒரு தாளைக் கூடக் கிழிச்சுப் போட்டினம்" என்றார். மாமி அன்றைக்கு மாத்திரம் அவரை நம்பவில்லை. தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு உள்ளே வரச் சொன்னார்.

இதெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடிய சங்கதிகளாகவே இருந்தன, என் அம்மா இறக்கும்வரை.

அம்மா ஒரு திங்கட்கிழமை காலையில் இறந்தார். வெள்ளவத்தையில், இராமகிருஷ்ண வீதித் தொடர்மாடியில், நானும் அவரும்தான் இருந்தோம். அப்பா காலமாகிப் பத்து வருடமாகிறது. தம்பி வினோதன் ரொறன்ரோவில். அம்மாவுக்கு அவன் ஒரே மகன். தனக்குக் கொள்ளி வைக்க அவன் வரவேண்டும் என்று அம்மா யாரிடமும் சொன்னதில்லை, அதில் சந்தேகப்பட இடம் இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. நான் தொலைபேசியில் சொன்னபோது தம்பி அழவில்லை. "அக்கா, நான் வாற வரைக்கும் வைச்சிரு" என்று மட்டும் சொன்னான்.

மாமா அம்மாவின் தமையன். ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர். எதற்குப் பிரதிப் பணிப்பாளர் என்று அவரிடம் கேட்டால் அரை மணித்தியாலம் போகும். பாமன்கடையிலிருந்து மாமியையும் மகன் பிரசாந்தையும் கூட்டிக்கொண்டு வந்து, அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வரவேற்பறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள கதிரையில் உட்கார்ந்து பொறுப்பெடுத்துக்கொண்டார்.

"வினோதன் எப்ப வெளிக்கிடுறான்?"

"செவ்வாய் இரவு ஒன்பது மணிப் பிளேன் மாமா. இண்டைக்கு இடமில்லையாம்."

"சரி. அப்ப புதன் காலமை எட்டு, எட்டரைக்கு இறங்கிடுவான். புதன் பின்னேரம் நாலு மணிக்கு எடுக்கலாம். பிரசாந், கனத்தைச் சுடலையிலை நேரம் எடுக்கச் சொல்லு."

"புதன் இல்லை மாமா. அவன் வியாழன் விடியத்தான் வந்து சேருவான்."

மாமா கண்ணாடியைக் கழற்றினார். "நீ கனடா போனனியே?"

"இல்லை."

"நான் போனனான்."

"அவர் போய் வந்தவர் பிள்ளை" என்றார் மாமி.

நான் தொலைபேசியில் தம்பி அனுப்பிய டிக்கெட்டைக் காட்டினேன். வியாழன் என்று தெளிவாக இருந்தது. விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் நேரம். யாரும் எதையும் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லை, வாசித்தால் போதும். மாமா வாசித்தார்.

"இது அப்பிடித்தான் போடுவாங்கள். பிளேன் லேட்டானா ஒருத்தரும் கேஸ் போடக் கூடாதெண்டு ஒரு நாள் கூட்டிப் போடுறது. உள்ளுக்கு நடக்கிறது உனக்குத் தெரியாது."

வந்திருந்த உறவினர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். உள்ளுக்கு நடப்பது அவர்களுக்கும் தெரியுமாம்.

நான் ஒரு டியூஷன் நிலையத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். வரவேற்பறைச் சுவரில் உலகப்படம் தொங்குகிறது. மாமா எழுந்துபோய் அதில் கனடாவில் விரலை வைத்து, அத்திலாந்திக்கையும் ஆபிரிக்காவையும் அரேபியாவையும் உழுதுகொண்டு நேராக இலங்கைக்கு இழுத்தார். "இந்தா. இவ்வளவுதான். இதுக்கு என்னத்துக்கு ரெண்டு நாள்?"

அவர் இழுத்த கோடும் பிழை. உலகப்படம் என்பது உரித்த தோடம்பழத் தோலை இழுத்துத் தட்டையாக ஒட்டியது போன்றது. வடக்கே போகப்போக அது இல்லாத அகலத்தைக் காட்டும். உண்மையான குறுக்குவழி தெரியவேண்டுமென்றால் உருண்டையில் ஒரு நூலைப் பிடித்து இறுக்க வேண்டும். ரொறன்ரோவிலிருந்து டுபாய்க்கு நூல் பிடித்தால் அது ஆபிரிக்காப் பக்கமே போகாது. கிரீன்லாந்தின் தென்முனைப் பக்கமாக ஏறி, வட ஐரோப்பாவுக்கு மேலாக வளைந்து இறங்கும். அது மட்டும் பதினோராயிரம் கிலோமீற்றர். டுபாயிலிருந்து கொழும்புக்கு இன்னும் மூவாயிரத்து முந்நூறு. விமானம் மணிக்குத் தொள்ளாயிரம் போகும். நான் மாணவர்களுக்குக் காட்ட வைத்திருக்கும் பந்தையும் நூலையும் எடுத்து வந்து, அம்மா உள்ளே கிடக்கும்போது, இதை எல்லாம் மாமாவுக்கு ஒரு தடவை காட்டினேன். எந்தப் பிள்ளைக்கும் இது விளங்காமற் போனதில்லை.

மாமா பந்தைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "பந்து வேற, உலகம் வேற."

பிரசாந் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றான். கொம்பியூட்டர் கொம்பனி ஒன்றில் வேலை. ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருக்கிறவர்களோடு தினமும் நேரம் பார்த்துக் கூட்டம் வைக்கிறவன். அவனுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வயதில் அவன் வாயைத் திறக்கவில்லை.

"பிளேன் எப்பிடியும் பிந்தும் எண்டு வைப்பம் மாமா" என்றேன். "அப்ப என்ன செய்யிறது?"

"அதுக்கென்ன. கொள்ளி வைக்க ஆளில்லாமலே? பிரசாந் வைப்பான்."

மாமாவை எனக்குச் சிறுவயதிலிருந்து பிடிக்காது. ஆனால் அதுவரை அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தம்பி இரண்டு கண்டம் தாண்டி வந்து ஒரு சாம்பல் முட்டியைப் பார்க்கப்போகிறான், அதுவும் இந்த மனிதருக்குக் கழித்தல் கணக்குத் தெரியாததால் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமைப் பத்திரிகையில் மாமா கொடுத்த மரண அறிவித்தல் வந்தது. அம்மாவின் பெயர் ஒரு வரி. "ஓய்வுபெற்ற பிரதிப் பணிப்பாளர் இரத்தினசிங்கத்தின் அன்புச் சகோதரியும்" என்பது இரண்டு வரி. தகனம் புதன் மாலை நான்கு மணிக்கு. நான் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து இரண்டாவது தடவையாகச் சொன்னேன்.

"பேப்பரிலை வந்திட்டுது பிள்ளை. இனி மாத்தினா சனம் என்ன சொல்லும்? எனக்கு நேரம் கணிக்கத் தெரியாது எண்டெல்லோ நினைக்கும்."

தொலைபேசியை வைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு, முதல்நாள் அம்மாவின் உடலைக் கொண்டுபோய் வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். அங்கே எல்லாம் எப்படி நடக்கிறது என்று மாமாவுக்குத் தெரியாது, அவர் தொலைபேசியில் அதிகாரம் பண்ணியதோடு சரி. அம்மாவைக் கொண்டுபோய் விட்டபோது பொறுப்பாளியாகக் கையெழுத்து வைத்தவள் நான். மயானத்தில் நேரம் எடுப்பதும் மாற்றுவதும் மலர்ச்சாலைக்காரர்களின் வேலை, அதைக் கேட்கவேண்டியது கையெழுத்து வைத்தவர். முகாமையாளர் ஒரு சிங்களவர், வெள்ளைச் சேட்டும் மிக மெதுவான குரலும். தம்பி வியாழன் விடியத்தான் வருகிறான் என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னேன்.

"கனடாத?" என்றார்.

"ஓவ், மஹத்தயா" என்று ஆமோதித்தேன்.

அவர் விரல் மடித்து எண்ணக்கூட இல்லை. கனடாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காக எத்தனையோ பெட்டிகள் அங்கே காத்துக் கிடந்திருக்கின்றன. "எஹெனங் ப்ரஹஸ்பதிந்தா தமய்" என்றார். அப்படியென்றால் வியாழன்தான். வியாழன் பதினொரு மணிக்கு நேரம் கிடைத்தது. கால் மணித்தியாலத்தில் முடிந்த வேலை.

வீட்டுக்கு வந்து குருக்களுக்குச் சொன்னேன். வானொலி அறிவித்தலைத் திருத்தச் சொன்னேன். எல்லா உறவினருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன், பிரசாந்துக்கும் சேர்த்து. மாமாவுக்கு அனுப்பவில்லை. அவருக்கு வாயாலேயே இரண்டு தரம் சொல்லியாயிற்று. அன்று பின்னேரம் வானொலியில் திருத்தம் போனபோது அவர் கேட்கவில்லை என்று பிறகு அறிந்தேன். புதன்கிழமை மலர்ச்சாலையில் வாசிப்பதற்காக இரங்கலுரை எழுதிக்கொண்டிருந்தாராம்.

புதன்கிழமை காலை ஆறரைக்கு மாமாவும் பிரசாந்தும் வாடகை வான் ஒன்றில் கட்டுநாயக்காவுக்குப் புறப்பட்டார்கள். போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி, வினோதனுக்கு வேட்டி எடுத்துத் தரும்படி கேட்டார் மாமா. நேரே மலர்ச்சாலைக்குக் கூட்டிப்போக வசதியாம். நான் வேட்டியைக் கொடுத்தேன். கொழும்பில் ஆறரை என்றால் ரொறன்ரோவில் செவ்வாய் இரவு ஒன்பது. மாமாவின் வான் இராமகிருஷ்ண வீதியில் கிளம்பிய அதே நேரத்தில்தான் தம்பியின் விமானம் அங்கே ஓடுபாதையில் கிளம்பியது. வான் காலி வீதிக்குத் திரும்பும்வரை நான் வாசலில் நின்றேன்.

எட்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பிள்ளை, பிளேன் லேட் போல கிடக்கு."

"லேட் இல்லை மாமா. நேரத்துக்கே வெளிக்கிட்டது."

"அப்ப ஆள் எங்கை?"

விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலி ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு விமானம். அதைத் தொட்டால் உயரமும் வேகமும் சொல்லும். தம்பி அந்தப் புள்ளிக்குள் இருந்தான். ஒரு மனிதன் பதினோராயிரம் மீற்றர் உயரத்தில் அழுதுகொண்டு போவதை வெள்ளவத்தையில் இருந்து பார்க்க முடிவதைப் போல அதிசயமான வேறொன்று எனக்குத் தெரியாது.

"லப்ரடோருக்கு மேலை" என்றேன்.

"அது எங்கை கிடக்கு?"

"கனடாவிலை."

மாமாவுக்குப் பின்னால் யாரோ பெயர்ப்பலகை பிடித்துக்கொண்டு கூப்பிடும் சத்தம் கேட்டது. "சிக்னல் சரியில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் உடனே திரும்பி வந்திருக்கலாம். வரவில்லை. டுபாய் விமானம் ஒன்று இறங்கியது, அதில் வந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்தார். டோஹா விமானம் இறங்கியது. ஒருவேளை பாதை மாறி வந்திருப்பான் என்று அதையும் பார்த்தார். சென்னை விமானத்தையும் விடவில்லை. மத்தியானம் வெயிலில் வேட்டியைக் கையில் பிடித்தபடி நின்றவரைப் பிரசாந் ஒருவாறு வானில் ஏற்றினான்.

மலர்ச்சாலைக்கு அவர்கள் வந்து சேர இரண்டு மணியாகிவிட்டது. மண்டபத்தில் நானும் அம்மாவும், மாமியும், கீழ்வீட்டு நஸீறா ஆன்ரியும்தான். கதிரைகள் வெறுமையாக இருந்தன. மாமா இரங்கலுரையைச் சட்டைப் பையில் வைத்திருந்தார், அது வியர்வையில் ஊறியிருந்தது.

"சனம் எங்கை?"

"நாளைக்கு வரும் மாமா. நாளைக்குப் பதினொரு மணிக்குத்தான் எடுக்கிறது."

"ஆரைக் கேட்டு மாத்தினனி?"

"செத்தது என்ட அம்மா."

நஸீறா ஆன்ரி எழுந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மாமாவிடம் நீட்டினார். "குடிங்க, ரெத்தினசிங்கம் அண்ணன். ஒங்களுக்கு நல்ல வெயில் பட்டிருக்கு." அனுதாபமாகத்தான் சொன்னார், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

நான் பிரசாந்தை வாசற்பக்கம் கூட்டிப்போனேன். "நான் அனுப்பின மெசேஜைப் பாத்தனியெல்லோ?"

"பாத்தனான் மச்சாள்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னா நம்புவாரே?" என்றான். "வானும் புக் பண்ணிட்டார்."

அப்பாவுக்குப் பயந்தவன் என்று நினைத்திருந்தேன். பயம் அல்ல, சோம்பல். ஒரு நாள் முழுவதும் வெயிலில் நிற்பது அவனுக்கு ஒரு வாக்கியம் பேசுவதைவிட இலகுவாக இருந்திருக்கிறது.

உள்ளே திரும்பி வந்தபோது மாமா தெளிந்துவிட்டார். தண்ணீர் குடித்த இடைவெளியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "நாளைக்கெண்டதும் ஒரு கணக்குக்கு நல்லதுதான்" என்று மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பிளேன் லேட்டாகுமெண்டு எனக்கு அப்பவே ஒரு யோசினை இருந்தது."

வியாழன் காலை நான் மண்டபத்துக்குப் போனபோது தம்பி வந்துவிட்டிருந்தான். வாடகைக் காரில் தனியாக வந்து, பயணப் பையைக் கதவோரம் போட்டுவிட்டு, அம்மாவின் தலைமாட்டில் நின்றான். கால்கள் வீங்கி, சப்பாத்தின் கயிறுகள் அவிழ்ந்திருந்தன. முகத்தைத் தொடலாமா என்று என்னிடம் கேட்டான். நான் தலையாட்டினேன். தொட்டான். "குளிருது" என்றான். பிறகு கையை எடுக்காமலே நின்றான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மாமாவை முற்றாக மறந்துபோயிருந்தேன்.

பத்து மணிக்குச் சனம் நிறையத் தொடங்கியது. மாமா வந்தார், நேராகத் தம்பியிடம் போய்த் தோளில் கைபோட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"உனக்காண்டித்தான் மருமோன் ஒரு நாள் தள்ளி வைச்சனாங்கள்."

தம்பி திரும்பி அவரைப் பார்த்தான். கண் சிவந்து, தாடி வளர்ந்து, நிற்கத் தள்ளாடினான். "தெரியும் மாமா. நீங்கள் எயர்போட்டிலை வேட்டியோட நிக்கிற படத்தைப் பிரசாந் அனுப்பினவன். நான் கனடாவிலை பிளேனுக்குள்ளை பெல்ற் போடேக்கை நீங்கள் கட்டுநாயக்காவுக்கு வெளிக்கிட்டிட்டியளாம்."

குருக்கள் தர்ப்பையை எடுப்பது போலக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"நேரத்தோட போய் நிக்கிறது என்ட பழக்கம்" என்றார் மாமா.

கொள்ளியைத் தம்பி வைத்தான். இரங்கலுரையை மாமா வாசித்தார். அதில் கனடா மூன்று இடத்தில் வந்தது.

எட்டாம் நாளில் எட்டுச் செலவு முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி விமானத்தில் தம்பி திரும்பிப் போனான். மறுநாள், திங்கள் காலை ஏழு மணிக்கு, முப்பத்தோராம் நாளில் வரும் அந்தியேட்டிக் கிரியையின் அழைப்பில் தம் பெயர் எப்படி வரவேண்டும் என்று சொல்ல மாமா மாமியோடு வந்திருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். தொலைபேசி மணி அடித்தது.

"அக்கா, இறங்கிட்டன்" என்றான் தம்பி. "இங்கை இப்ப ஞாயிறு இரவு ஒன்பதரை. பாக் வரப் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சத்தமாகத்தான் பேசினான். மாமா கோப்பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, மெதுவாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இரண்டு வாரமாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"ஞாயிறு காலமை ஏறினவன். ஞாயிறு இரவு இறங்கிட்டான். கேட்டனியே பிள்ளை? ஒரே நாள். நான் அண்டைக்குச் சொன்னனான்."

"இண்டைக்கு என்ன கிழமை மாமா?"

மாமா சுவரைப் பார்த்தார். விடிந்ததும் நான் நாட்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கிழித்திருந்தேன். அங்கே திங்கள் என்று பெரிதாக இருந்தது. அதை அவர் நிதானமாக வாசித்தார்.

"திங்கள்" என்றார். "ஏன்?"

பந்தும் நூலும் அலுமாரிக்கு மேலேயே இருந்தன. கையை நீட்டினால் எடுக்கலாம். நான் எடுக்கவில்லை. மாமி வெறுங் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"நீ ஏன் பிள்ளை அவரோட வாதாடுறாய்" என்றார். "அவர் போய் வந்தவர்தானே."